அடுப்புக்கு ஆள் வைத்துவிட்டுக் கப்பலேறியவர்

நான் வேலை பார்த்த பயண முகவர் நிலையம் இந்த ஆண்டு விழா எடுக்கிறது. விழாவுக்கு ஒரு மலர். மலருக்கு என்னிடமிருந்து ஒரு கட்டுரை. கேட்டவர் தினேஷ், இப்போது என் பழைய மேசையில் உட்கார்ந்திருப்பவர். "இனிமையான நினைவுகளா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று போனில் சொன்னார். நினைவுகள் இனிமையாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்க ஒரு ஆளு சார்" என்று சிரித்தார்.

அதோடு ஒரு செய்தியும் சொன்னார். நோர்வே கரையோரக் கப்பல் பயணம் ஒன்றைத் திட்டமிட நான் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்வேனாம். இப்போது கணினியில் பெயரையும் தேதியையும் போட்டால் ஒரு கோப்பை பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் வந்துவிடுகிறதாம். விமானம், கப்பல் அறை, கரையிறங்கும் ஊர்கள், எந்தச் சட்டையை மடித்து வைப்பது என்பது வரை.

"நீங்க பட்ட கஷ்டமெல்லாம் இப்ப எங்களுக்கு இல்ல சார்."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. இனிமையாகவும் இருக்காது. அச்சிடுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

நான் பிறந்தது பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். படித்தது ஹட்டனில். நல்ல ஆங்கிலமும் போதுமான சிங்களமும் கற்று, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய், ஹட்டன் கடைவீதியில் ஒரு மாடியில் இருந்த அந்த நிலையத்தில் டிக்கெட் போடுகிற எழுத்தராகச் சேர்ந்தேன். அப்போது எங்களுக்கு விடுமுறைப் பயணம் என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் வாடிக்கையாளர்கள் அரபு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போன தோட்டத்துப் பெண்கள். குவைத், துபாய், ரியாத். படியேறி வருவார்கள், செருப்பை வாசலில் கழற்றுவார்கள், வேண்டாம் போட்டுக்கொண்டே வாருங்கள் என்றாலும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பெண்களில் ஒருவரிடமும் எந்த நாடும் "நீ திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்டதில்லை. உன் பெயரில் காணி இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்று கேட்டதில்லை. யாரோ ஒருவருடைய பாத்திரத்தைக் கழுவப் போகிறவளுக்கு மருத்துவச் சான்றிதழும் இரண்டு கையும் போதுமானதாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எங்கள் முதலாளி கதிரேசன். வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், ஆனால் ஒரு நாளும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்ததில்லை. தன் மேசைக்கு எதிரே என் மேசையைப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். குரலை உயர்த்த மாட்டார். வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்ல மாட்டார். "கொஞ்சம் பாரமா இருக்குங்களே" என்பார். அவர் வாயிலிருந்து அது வந்தால் அந்தக் காரியம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. படம் கடைசியில். கப்பல் கம்பனிகள் அனுப்பும் பளபளப்பான புத்தகங்களை மேசையில் குப்புறத்தான் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் வந்ததும் முதலில் கடவுச்சீட்டு. அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவார். திரும்பி வரும் நாளுக்கு அப்பாலும் ஆறு மாதம் செல்லுமா என்று பார்ப்பார். முன்பு எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்று, ஊரில் மழை பெய்கிறதா என்பதுபோலச் சாதாரணமாகக் கேட்பார். பிறகு நோய், மருந்து, படியேற முடியுமா. எல்லாம் சரி என்றால்தான் புத்தகத்தை நிமிர்த்துவார். "படத்தைப் பாத்த மனுசன் பொய் சொல்ல ஆரம்பிச்சிடுவான், அருளப்பன்" என்பார். உண்மைதான். பனிமலையைப் பார்த்துவிட்டவருக்கு இதய வருத்தம் அந்த நிமிடமே குணமாகிவிடும்.

பிறகு மலையில் காசு புரண்டது. எல்லார் கையிலும் இல்லை. நுவரெலியா மரக்கறி வியாபாரிகள், ஓய்வுபெற்ற டாக்டர்கள், வெளிநாட்டில் பிள்ளை உள்ள தலைமை ஆசிரியர்கள். சிங்கப்பூர் போய் அலுத்தவர்களுக்கு வடக்குக் கடல் ஆசை வந்தது. பியோர்ட் என்கிற சொல்லை இந்த ஊரில் முதலில் விற்றவன் நான். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் இடம் என்று விளக்குவேன். லீக்ஸ் மரக்கறி மொத்த வியாபாரி ஒருவர், பெயர் வேண்டாம், புத்தகத்தை நிமிர்த்தியதும் முகத்தைச் சுளித்தார்.

"இது நம்ம காசல்ரீ டேம் மாதிரியில்ல இருக்கு? இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம்?"

பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி நிமிராமலே சொன்னார்: "காசல்ரீக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு இருபது வருசமா கேக்கிறேன். அங்க கூட்டிட்டுப் போயிட்டாரு பாருங்க."

மலையகத்தாருக்கு விற்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குளிர் தங்களுக்குத் தெரியும் என்று நினைப்பார்கள். கொழும்புக்காரர் பயந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார், பிழைத்துக்கொள்வார். நுவரெலியாக்காரர், "எங்க ஊர்ல புல்லு மேல பனி உறையுது, எங்கிட்டயா குளிர் கதை சொல்றீங்க" என்று கேட்டுவிட்டு, காற்றைத் துளியும் தடுக்காத கம்பளிச் சட்டை இரண்டைக் கட்டிக்கொண்டு போவார். நம் குளிர் இருக்கிற இடத்தில் இருக்கும். கப்பல் மேல்தட்டில் அடிப்பது நகரும் குளிர். கம்பளியின் ஓட்டை ஒவ்வொன்றாகத் தேடி நுழையும். லீக்ஸ் வியாபாரி முழுப் பயணத்தையும் சாப்பாட்டு மண்டபத்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு வந்தார்.

மற்ற நடைமுறைகளும் சொல்கிறேன், இயந்திரத்துக்கும் தெரிந்ததுதான். கப்பல் புறப்படும் நாளில் விமானத்தில் போய் இறங்காதே, ஒரு நாள் முன்னால் இறங்கு. விமானம் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. தலைசுற்றல் உள்ளவருக்குக் கீழ்த்தட்டில், நடுவில் அறை எடு. மேல்தட்டு விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். மரக்கறிச் சாப்பாட்டை முன்கூட்டியே எழுத்தில் கேள். சில கப்பல்கள் நடுவில் விசா வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு தீவைத் தொட்டுவிட்டு மறுபடி உள்ளே வரும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனவர் அந்தத் தீவில் நின்று கப்பலுக்குக் கை காட்ட வேண்டியதுதான். ஆகவே பலமுறை நுழையும் விசா கேள்.

எல்லாம் சரி. இனி ராமாயி அம்மா.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், நான் பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவர் வந்தார். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஜெயராணி. ஜெயராணிக்குக் குவைத்துக்கு முதல் டிக்கெட் போட்டவன் நான்தான். குவைத்தில் ஆறு வருடம் பட்டது போதும் என்று, பிறகு ஒரு பயணிகள் கப்பலில் அறை துப்புரவு செய்யும் வேலைக்குப் போய்விட்டாள். கோடையில் அந்தக் கப்பல் வடக்கே, பியோர்ட்டுகளில். கப்பல் ஊழியர்கள் குடும்பத்தில் ஒருவரைச் சலுகையில் பயணியாக அழைக்கலாம். ஜெயராணி அம்மாவை அழைத்திருந்தாள்.

என்னிடம் போனில் சொன்னாள்: "நான் துடைக்கிற ரூமுல எங்கம்மா ஒரு தடவ படுத்து எந்திரிக்கணும் சார். அது காணும் எனக்கு."

ராமாயி அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். முதலாளியின் விதிப்படி நான் கடவுச்சீட்டைக் கேட்டேன். புதிது. புத்தகம் குப்புறக் கிடந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கப்பல் கம்பனி அனுப்பியிருந்த உறுதிப்பத்திரத்தில்தான் அவர் கண் இருந்தது.

"இதில என்ன சார் போட்டிருக்கு?"

"உங்க பேரு. உங்க ரூம் நம்பர்."

"என் பேர்லயா ரூமு?"

"ஆமா. சாவி அட்டையிலயும் உங்க பேருதான் இருக்கும்."

"நான் வெளிய கெளம்பிப் போனா?"

"போயிட்டு வாங்க. உங்க ரூம்தானே."

"ஆள் இல்லன்னு பூட்டிற மாட்டாங்களா?"

நான் சிரித்தேன். லயத்தில் பிறந்தவன், ஆனாலும் சிரித்தேன். ஹட்டனில் சொந்த வீடு கட்டிக் கனகாலம் ஆகியிருந்தது.

விண்ணப்பம் போனது. எந்த நாட்டுக்கு என்று எழுத மாட்டேன். எல்லா நாடுகளும் ஒரே மாதிரி மறுப்புத் தாளைத்தான் வைத்திருக்கின்றன, கட்டத்தில் ஒரு சரி போடுவார்கள். கப்பல் கம்பனியின் அழைப்பு, மகளின் வேலை ஒப்பந்தம், திரும்பும் டிக்கெட், காப்புறுதி, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், எல்லாம் நானே கோத்து அனுப்பினேன். மறுத்தார்கள். விண்ணப்பதாரர் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்ற கட்டத்தில் சரி போட்டிருந்தது.

அந்தத் தாளை மறுபடியும் வாசித்தேன். எந்த மண்ணுக்குத் திரும்பமாட்டார் என்கிறார்கள்? அவருடைய அம்மாவும் அம்மாவின் அம்மாவும் வெட்டித் திருத்திய மண். குடியுரிமை இல்லை என்று ஒரு காலத்தில் இவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பத் துடித்தார்கள். அப்போது, போனால் திரும்பி வந்துவிடுவார்களோ என்று கவலை. இப்போது, போனால் திரும்பமாட்டார்களோ என்று கவலை. கொஞ்சம் கலந்து பேசித் தீர்மானித்துக்கொண்டால் எங்களுக்கு வசதியாக இருக்கும்.

முதலாளி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு வழக்கம்போல மெதுவாகச் சொன்னார். "சொத்து இல்ல. அதுதான் வெவகாரம். ஒரு காணிப் பத்திரம் காட்டினா சரியாப் போகும். தலவாக்கலையில பத்திரம் எழுதுற நொத்தாரிசு ஒருத்தர் எனக்குத் தெரியும். யாராவது ஒரு துண்டுக் காணிய அவங்க பேர்ல எழுதி, வந்தப்புறம் மாத்தி எழுதிக்கலாம்."

எங்கள் தொழிலில் இது நடக்காதது இல்லை. நான் ராமாயி அம்மாவிடம் சொன்னேன். இப்படி ஒரு வழி இருக்கிறது, இது சரியான வழியில்லை, பிடிபட்டால் இனி எந்த நாடும் விடாது என்பதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. களைத்துப்போன முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"இல்லாத காணிய இருக்குன்னு எழுதுங்கிறீங்க. நான் இருக்கிற வீட்ட அவங்க இல்லேங்கிறாங்க. இதில நான் என்ன சார் சொல்றது?"

"அப்ப தோட்டத்துலேர்ந்து ஒரு கடுதாசி வேணும்மா. இந்த வீட்டுல இருக்கீங்க, இந்தத் தேதியில போறீங்க, இந்தத் தேதியில இதே வீட்டுக்குத்தான் திரும்பி வருவீங்கன்னு."

"தேதி போடாம எழுத ஏலாதா?"

"ஏலாது."

 தேதியை ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

தோட்டத்துக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, நானே அவரோடு போனேன். மனேஜர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். எனக்கு உடனே நாற்காலி போட்டார்கள். ராமாயி அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே கூப்பிடுங்கள் என்றேன். "பரவாயில்லை, அவங்களுக்குப் பழக்கம்" என்றார் மனேஜர். நாங்கள் பேசியது சிங்களத்தில். தமிழில் தருகிறேன்.

"இவர் ஓய்வு பெற்றவர். வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பெயர்ப் பதிவில் இல்லை. முறைப்படி காம்பரா எங்களுக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. மனிதாபிமானம்."

காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்கான அறை. முன்னால் ஒன்று, பின்னால் அடுப்போடு ஒன்று.

"மனிதாபிமானத்தை எழுத வேண்டாம் சார். அவர் அங்கே வசிக்கிறார் என்று எழுதுங்கள், போதும்."

அவர் கடிதத்தைத் தட்டச்சு செய்து காட்டினார். 'நிர்வாகத்தின் தயவில் தங்கியிருக்கிறார்' என்று இருந்தது. தயவு என்ற சொல்லை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். 'வசிக்கிறார்' என்று போட முடியுமா?

"அப்படிப் போட்டால் அது உரிமை ஆகிவிடும் மிஸ்டர் அருளப்பன்."

எத்தனை பேர் என்னிடம் கத்தியிருக்கிறார்கள், கோப்புகளை முகத்தில் வீசியிருக்கிறார்கள். யார் மீதும் வராத ஆத்திரம் அந்தச் சிரித்த முகத்தின் மீது வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லின் எடை அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. நாற்பது வருடம் கூடை சுமந்தவருக்கு 'வசிக்கிறார்' என்ற ஒரு சொல்லைக் கொடுத்தால் தோட்டம் சாய்ந்துவிடும் என்று தெரிந்திருந்தது. அரைமணி நேரம் பேரம் பேசி 'நிர்வாகத்தின் அனுமதியோடு தங்கியிருக்கிறார்' என்பதில் நின்றோம். கடிதத்தை மடித்துக்கொண்டே மனேஜர் கேட்டார்: "அப்படியானால் இந்தத் தேதிகளில் காம்பரா காலியாக இருக்கும், இல்லையா?"

வெளியே வந்ததும் ராமாயி அம்மா சொன்னார், "கேட்டுட்டாரா?"

"என்னம்மா?"

"காலியா இருக்குமான்னு. அதான் தேதி வேணாம்னேன்."

தேயிலைக்கு நடுவே படியில் இறங்கிக்கொண்டே எனக்கு விளக்கினார். காலையில் பெரட்டில், அதாவது ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் இடத்தில், கணக்கப்பிள்ளை நிற்பார். அங்கிருந்து பார்த்தால் லயத்துக் கூரைகள் எல்லாம் தெரியும். புகை வராத கூரைக்குக் கீழே ஆள் இல்லை. இரண்டு மூன்று நாள் புகை இல்லாவிட்டால் கந்தோருக்குச் சொல்லுவார். கந்தோர் ஒரு பூட்டைப் போடும். பூட்டைத் திறக்கச் சொல்லிப் போகும்போது, உங்களுக்கு இங்கே பெயர் இல்லையே அம்மா என்பார்கள். மகள் வீட்டுப் பிரசவத்துக்கு நோட்டன் பிரிட்ஜ் போன ஒருவர் அப்படித்தான் சாமானை இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், பொறுக்கினார். ஆகவே பெயர் இல்லாதவர்கள் வெளியே போனால் பக்கத்துக் காம்பராவில் சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்து ஆள் காலையும் மாலையும் அடுப்பை மூட்டிவிடுவார். சமைக்க ஒன்றும் இல்லை. புகைக்காக.

"கேஸ் அடுப்பு வச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அதனாலதான் நான் வச்சுக்கல" என்றார்.

நான் அதே மாதிரி லயத்தில் பிறந்தவன். என் அப்பா கடைசிவரை வேலையில் இருந்தார். எங்கள் கூரையில் புகை வந்ததா என்று யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதனால் எனக்குத் தெரியாது. அத்தனை வருடமும் பயணத் திட்டம் போட்டவனுக்கு, ஒரு பயணத்தில் மிகக் கஷ்டமான பகுதி எது என்று தெரியாது.

இரண்டாம் விண்ணப்பத்துக்கு விசா கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஏன் மறுத்தார்கள் என்பதே எனக்குத் தெரியாது. பலமுறை நுழையும் விசா. ஒரு நாள் முன்னால் விமானம், கீழ்த்தட்டில் நடு அறை, மரக்கறிச் சாப்பாடு, காற்றைத் தடுக்கும் சட்டை. என் திட்டங்களிலேயே இதில்தான் ஒரு நூல் பிசகவில்லை. அடுப்பு மூட்டப் பக்கத்துக் காம்பரா பார்வதி.

ராமாயி அம்மா கப்பலேறி நாலைந்து நாள் இருக்கும். விடியுமுன் பார்வதி எனக்குப் போன் செய்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து. மகளுக்குப் பிரசவ நாள் இன்னும் தள்ளி இருந்தது, திடீரென்று வலி வந்துவிட்டது.

"அடுப்பு நேத்து சாயங்காலமே மூட்டல சார். எனக்கு வேற யார்ட்ட சொல்றதுன்னு தெரியல. லயத்துல மத்தவங்ககிட்ட சொன்னா யாராச்சும் கந்தோர்ல போட்டுக் குடுத்துருவாங்க."

ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் பொகவந்தலாவைக்கும் அங்கிருந்து முச்சக்கர வண்டியில் மேலேயும் போனேன். சாவி பார்வதி வீட்டுக் கூரைத் தகரத்துக்குள். உள்ளே ஒரு கட்டில், ஒரு சாமிப்படம், சுவரில் ஜெயராணி கப்பல் சீருடையில். நான் அடுப்பு மூட்டி எத்தனையோ வருடம். விறகு ஈரம். ஊதி ஊதித் தலை சுற்றியது. கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, கண்ணில் நீர் வழிய ஊதினேன். கடைசியில் பிடித்தது. கூரைக்கு வெளியே போக வேண்டிய புகையில் பாதி என் நுரையீரலுக்குள் போனது.

வாசலில் நிழல் விழுந்தது. கணக்கப்பிள்ளை சந்திரன். என்னைவிட வயதில் சிறியவர், என்னை அடையாளம் தெரியும்.

"சார், நீங்க என்ன இங்க?"

"விருந்துக்கு வந்தேன்."

"வீட்டுக்காரம்மா?"

"வெளிய போயிருக்காங்க. வருவாங்க."

"நேத்து சாயங்காலம் பொகை இல்லையே?"

"நேத்து விரதம்."

அவர் சட்டைப் பையில் ஏதோ பாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன அது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நான் கையை நீட்டினேன். எடுத்துக் காட்டினார். புதுப் பூட்டு. சாவிகள் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன.

"சந்திரன், உங்க வீடு யார் பேர்ல?"

அவர் தலையைத் திருப்பிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார். "கோட்டர்ஸ்தான் சார். வேல இருக்கிற வரைக்கும்." பிறகு, "நான் என்ன சார் செய்ய? கந்தோர்ல தேதி தெரியும், பொகை நின்னதும் பூட்டச் சொன்னாங்க, கொண்டாந்தேன்."

"சரி. புகை வருதுன்னு போய்ச் சொல்லுங்க."

போனார். போகும்போது திரும்பி, "பச்ச வெறக போடாதீங்க சார், செடி வெட்டுன தேயில மாறு காஞ்சது பின்னால கெடக்கு" என்றார்.

மீதி நாட்களுக்கு விடுமுறை எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'அடுப்பு மூட்டல்' என்று எழுதினேன். முதலாளி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "காரணம் கொஞ்சம் பாரமா இருக்கு" என்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து அதை வெட்டிவிட்டு 'சொந்த வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாயங்காலம் போன் செய்து, "பொகை வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு காலை புகைக்குள் இருமிக்கொண்டிருந்தபோது ஜெயராணி படம் அனுப்பினாள். கப்பல் அறைக் கதவு. கதவில் ஒரு அட்டை: திருமதி ராமாயி. அட்டைக்குப் பக்கத்தில் ராமாயி அம்மா, காற்றைத் தடுக்கும் சட்டையோடு, அடையாள அட்டைக்கு எடுக்கும் படத்தில் நிற்பதுபோல விறைப்பாக. அறையைப் பூட்டாமலே காலை முழுவதும் மேல்தட்டில் இருந்தாராம். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்ததாம். ஜெயராணிக்குப் பயணிகளோடு சாப்பிட அனுமதி இல்லை. அம்மா சாப்பிடுவதைக் கதவருகே நின்று பார்த்தாளாம்.

திரும்பி வந்ததும் ராமாயி அம்மா எங்கள் மாடிக்கு வந்தார். செருப்போடு வந்தார். மலையெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"அம்புட்டு மலையும் சும்மா நிக்கிது சார். ஒரு செடி நடல. ஒருத்தனும் வேல செய்யல. மலைய மலையாவே விட்டு வச்சிருக்காங்க."

முதலாளி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. ராமாயி அம்மா சிரிக்கவில்லை.

"தண்ணி ஓரமா ஒத்த ஒத்த வீடா இருக்கு. செவப்பு, மஞ்ச. சின்னச் சின்ன வீடு. நான் எல்லாக் கூரையையும் பாத்துக்கிட்டே வந்தேன். பாதிக்கு மேல பொகையே இல்ல. யாரு வீடு இதெல்லாம், ஆளெல்லாம் எங்கன்னு மகக்கிட்ட கேட்டேன். லீவுக்கு மட்டும் வருவாங்களாம். வருசம் பூரா சும்மா கெடக்குமாம்." நிறுத்தி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தரும் வந்து பூட்டு போடலீங்க."

 அன்றைக்கு நான் எங்கள் நிலையத்தின் பயணத் தயாரிப்புத் தாளில், கடவுச்சீட்டு, விசா, காப்புறுதி, மருந்து, சட்டை என்பதற்கெல்லாம் கீழே கையால் ஒரு வரி சேர்த்தேன்: 'நீங்கள் இல்லாத நாட்களில் அடுப்பை மூட்டப்போவது யார்?' முதலாளி அதை அடிக்கவில்லை. அவர் காலமான பிறகு தாளைப் புதிதாக அச்சடித்தவர்கள் அடித்துவிட்டார்கள். அழகாக இல்லையாம்.

தினேஷ், உன் இயந்திரத்தில் இந்தக் கேள்வி இருக்கிறதா என்று நேற்றுக் கேட்டேன். இல்லை என்றாய். சேர்க்கலாமே சார், ஒரு நிமிஷ வேலை என்றாய். சேர்க்காதே. இந்தக் கேள்வியைச் சுலபமாகக் கேட்கக் கற்றுக்கொண்டால் அதைப் பழக்கமாக்கிவிடுவீர்கள். அவங்களுக்குப் பழக்கம் என்று மனேஜர் சொன்னதுபோல. கேட்க வேண்டியிருப்பதே அவமானம் என்று தோன்றுகிற ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் நான் இருந்தேன். நீ சொன்ன கஷ்டம் அதுதான்.

விழாவுக்கு அழைப்பிதழ் கிடைத்தது. பொன்னாடை போர்த்துவதாகப் போட்டிருக்கிறீர்கள், நன்றி. வர இயலாது. ஜெயராணி இப்போது தலைமைப் பணியாளர். அம்மாவை மறுபடி அழைத்திருக்கிறாள், அதே கரை, அதே கப்பல். பார்வதி மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். ராமாயி அம்மாவுக்கு அந்தக் காம்பராவில் இன்னும் பெயர் இல்லை. விழா நாளன்று விடிய முதல் பஸ்ஸில் நான் மேலே போக வேண்டும். காய்ந்த தேயிலை மாறு பின்னால் கிடக்கிறதாம். சந்திரன் வெட்டிப் போட்டிருக்கிறார்.